எழுதிய தாளின் மறுபக்கம்

1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அண்ணல் காந்தியடிகள் கதர் நிதி திரட்டும் பொருட்டுக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வருகை தந்தார். சிதம்பரத்தைக் காண வேண்டும் என்னும் வேட்கையை அவருள் வளர்த்தது நந்தனாரின் வரலாறு. நம் முன்னோரின் பாடலிபுரமாகிய திருப்பாதிரிப்புலியூரை உள்ளடக்கிய கடலூரிலும் அன்று அவரைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. மக்கள் கண்டது முழங்கால் அளவே ஆன ஒரு கதராடையை. 1921இல் மதுரையில் பூண்ட கோலம் அது.

அண்ணல் 1869இல் போர்பந்தரில் பிறந்தவர். 1888இல் சீமைக்குப் புறப்படுமுன், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்னும் உறுதிமொழியை அவருக்கு அளித்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியாவார். 1891இல் பம்பாயில் ராய்சந்த்பாயின் நட்பும் கிட்டிற்று. வைர வணிகத்தினிடையே பற்றற்று வாழ்ந்த அச்சமணப் பெரியார், அண்ணலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தார். மிகுபொருள் விரும்பாமை என நாம் நாள்தோறும் ஓதும் விரதத்தை அண்ணல் தம் ஆசிரம விரதங்களுள் ஒன்றாக வைத்ததில் வியப்பில்லை.

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராயிருந்தபோது சலவைச் செலவைக் குறைக்கத் தாமே துணி வெளுத்தார். முதல்நாள் கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுந்து, நீதிமன்றத்தில் பொலபொலவென உதிர்ந்தது. உடனிருந்தோர் நகைத்தனர், அவரும் நகைத்தார்.

1915 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரசுக்குச் சென்றிருந்தபோது ஒரு பென்சில் துண்டைக் காணாமல் தவித்தார். காகா காலேல்கர் வேறு பென்சில் தர முன்வந்தும் ஏற்கவில்லை. சென்னையில் ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு அளித்த பென்சில் அது. தேடி எடுத்தபோது இரண்டு அங்குலமும் இல்லை! வகுப்பறையில் இதனினும் நீண்ட துண்டுகள் பெருக்கித் தள்ளப்படுவதை ஆசிரியப் பணியில் நாம் எத்தனை முறை கண்டிருப்போம்!

1930இல் எரவாடாச் சிறையில் அதே காலேல்கர் உடனிருந்தார். சில வேப்பிலைகளே தேவைப்பட்ட வேளையில் அவர் ஒரு கொத்தையே ஒடித்து வந்துவிட்டார். அதை அண்ணல் இம்சை என்றே கருதினார். நான்கு இலை பறிப்பதாயினும் மரத்திடம் பொறுத்தருள வேண்டிப் பறிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பல்துலக்கும் வேப்பங்குச்சியையும் ஒரே நாளில் எறிய விடவில்லை. மென்ற நுனியை நறுக்கிவிட்டு, குச்சி காயும் வரை அதையே பயன்படுத்தினார். ஓரறிவுயிர்க்கும் இரங்கும் நம் இல்லங்களிலும் இத்துணை நுட்பம் அரிது.

1932இல் அச்சிறையில் வல்லபபாய் படேல் துணையிருந்தார். பழைய தாள்களை மடித்து ஒட்டி உறைகள் செய்வது அவர் வேலை. பின்னாளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைத்த கைகள் அவை. வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதும் வழக்கத்தை அண்ணல் 1948இல் மறையும் வரை விடவில்லை.

இவற்றைக் கஞ்சத்தனம் என்றோரும் உண்டு. அவரை எளிமையில் வைத்திருக்கப் பெருஞ்செலவாகிறது என்று சரோஜினி நாயுடுவே கேலி செய்ததாகக் கூறுவர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் பழையன எல்லாவற்றையும் அவர் பேணிக் காத்தாரல்லர். தீண்டாமை என்னும் பழம்பொருளை அடியோடு எறியச் சொல்லி 1934 பிப்ரவரியில் மீண்டும் தென்னார்க்காட்டுக்கு வந்தார். அச்சுற்றுப்பயணத்தில் தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு மடல்களையும் பேழைகளையும் மேடையிலேயே ஏலம் விட்டு, பணத்தை அரிசன நிதியில் சேர்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்.