வ.வே.சு. ஐயரும் சேரன்மாதேவிக் குருகுலமும்

தமிழகத்தில் கல்விக்கூடம் என்பது தொன்றுதொட்டே கொடையால் வாழ்ந்து வந்த நிறுவனமாகும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் விளங்கிய கல்லூரியில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நாள்தோறும் நெல் அளந்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டு எடுத்துரைக்கின்றது. உண்டு உறைந்து பயில்வோர்க்கு முதற்கண் வேண்டுவது சோறு. அச்சோற்றுக்கு வேண்டுவது பிறர் கொடை. அந்நாளில் கொடுத்தவன் வேந்தன். உண்டவர் வேதமும் வடமொழி இலக்கணமும் பயின்றவர். இருபதாம் நூற்றாண்டில் வேந்தன் இருந்த இடத்தில் பொதுமக்கள் வந்து நின்றனர். கொடுப்பவர் பலரானபோது, அக்கொடையால் ஆக்கிய சோற்றை யார் யாரோடு அமர்ந்து உண்பது என்னும் வினாவும் உடன் எழுந்தது. அவ்வினாவின் முன் தம் வாழ்வின் இறுதி மாதங்களில் நிறுத்தப்பட்டவர் வ.வே.சு. ஐயர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார் சுப்பிரமணியம். தூய வளனார் கல்லூரியில் பயின்று, வழக்குரைஞராகத் தொழில் தொடங்கி, இரங்கூன் சென்று, அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் பட்டம் பெற இலண்டன் மாநகரை அடைந்தார். அங்கே இந்தியா இல்லமும் சாவர்க்கரின் தோழமையும் அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றின. தேர்வில் வென்றும், ஆங்கில அரசுக்குப் பணிவுறுதி கூற மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். அரசு தேடத் தொடங்கியபோது சீக்கியர் கோலம் பூண்டு தப்பியதும், பெட்டியில் பொறித்திருந்த தம் பெயரின் முதலெழுத்துகளுக்கு வேறொரு பெயரை நொடிப்பொழுதில் புனைந்து ஒற்றரை ஏமாற்றியதும் பலரும் அறிந்தவை. 1910இல் புதுச்சேரியை அடைந்து, பாரதியாரும் அரவிந்தரும் வாழ்ந்த அவ்வூரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கினார்.

அப்பத்தாண்டுகள் தமிழுக்கு வாய்த்த பேறு எனலாம். அங்கிருந்தபோதுதான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டார். கம்பநிலையம் கண்டார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரானார். முதல் உலகப் போர் ஓய்ந்தபின் தாயகம் திரும்பித் 'தேசபக்தன்' ஆசிரியராக அமர்ந்தார். அவ்விதழில் வந்த கட்டுரை ஒன்றின் பொருட்டு 1921இல் சிறை புகுந்தார். பெல்லாரிச் சிறையில் அவர் எழுதியதே கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வுநூல். துப்பாக்கி பயின்ற கையும் கம்பனைத் தழுவிய நெஞ்சும் ஒருவரிடத்தே அமைந்தது அரிய சேர்க்கையாகும்.

சிறை மீண்டவர் நெஞ்சில் கல்விக் கனவு ஒன்று குடிகொண்டிருந்தது. வடநாட்டில் தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தைத் தொடங்கியிருந்தார். முப்பதாயிரம் ரூபாய் திரட்டாமல் இல்லம் புகுவதில்லை எனச் சூளுரைத்துப் புறப்பட்ட முன்ஷிராமர் (பின்னாளில் சிரத்தானந்தர் என்று துறவுப்பெயர் பூண்டவர்) 1902இல் காங்கிரி குருகுலத்தைக் கங்கைக் கரையில் நிறுவியிருந்தார். தமிழ்நாட்டிலும் அத்தகையதொரு நிலையம் வேண்டும். அங்கே தாய்மொழி வாயிலாக அறிவுத்துறைகள் பயிற்றப்பெற வேண்டும். ஏடு பிடிக்கும் கை மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். உடலுரமும் நாட்டுப்பற்றும் கலையுணர்வும் ஒருங்கே வளர வேண்டும் என்பது ஐயரின் வேட்கை. 1922இன் இறுதியில் நெல்லைச் சீமையில் தமிழ்க் குருகுலமும் பரத்துவாச ஆசிரமமும் தோன்றின. கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவியில் பொருநைக் கரையில் நிலைகொண்டது அக்குருகுலம். 1924இல் 'பாலபாரதி' என்னும் இதழும் அங்கிருந்தே வெளிவந்தது.

ஐயரிடம் சொத்து இல்லை; அரசின் உதவியை அவர் நாடுபவரும் அல்லர். எனவே குருகுலத்தின் நிலமும் குடிலும் சோறும் நூலும் நாட்டன்பர் ஈந்த பொருளால் அமைந்தவையே. பிராமணரல்லாத வணிகரும் நிலக்கிழாரும் ஈந்த பொருள் அதில் பெரும்பகுதி. தமிழ்நாடு காங்கிரஸ் குழு பத்தாயிரம் ரூபாய் வழங்க இசைந்து, முதல் தவணையாக ஐயாயிரம் அளித்தது. அதுவும் மக்களிடம் திரட்டிய பொருளே. தேசியக் கல்வி என்னும் பெயரை நம்பிக் கொடுத்தவர் அனைவரும், தத்தம் பிள்ளைகள் ஒரே தாயின் மக்களாய் அங்கே வளர்வர் என்று எண்ணியே கொடுத்தனர்.

இந்நிலையில்தான் பந்தி வேற்றுமை வெளிப்பட்டது. பிராமணச் சிறுவர் இருவரின் பெற்றோர், தம் மக்கள் தனியே உண்ண இசைந்தால்தான் சேர்ப்போம் என வேண்ட, ஐயரும் அதற்கு வாக்களித்திருந்தார். தம்மளவில் அவர் சாதி வேற்றுமை பாராட்டாதவர். எல்லோருடனும் அமர்ந்து உண்பவர். ஆயினும் கொடுத்த வாக்கை மீறுதல் தகாது என்று கருதினார். அடுத்த பந்தியில் அமர்ந்த பிள்ளைகளுக்கோ அவ்வாக்கு தெரியாது. தாம் விலக்கி வைக்கப்பட்டோம் என்பதே தெரிந்தது. அவர்களுடைய மனக்குறை இல்லங்களை எட்டியது. இல்லங்களிலிருந்து நாட்டை எட்டியது.

அதனை ஊரறியச் செய்ததில் பெரும்பங்கு சேலம் மாவட்டத்தவர் ஒருவருடையது. இராசிபுரத்தில் பிறந்தவர் மருத்துவர் பெ. வரதராஜுலு நாயுடு. அவருடைய 'தமிழ்நாடு' இதழ் குருகுலத்தின் தனிப்பந்தியை வன்மையாக எதிர்த்து எழுதியது. காங்கிரஸ் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்த ஈ.வெ. ராமசாமியும், பொதுப்பணத்தால் வாழும் நிலையத்தில் பிறப்பு வேற்றுமைக்கு இடமில்லை என்று கூறி, எஞ்சிய ஐயாயிரத்தைக் கொடுக்க மறுத்தார். கொடையாளர் வினா தெளிவானது: எம் பொருளைப் பெறும் கை, எம் பிள்ளையை ஏன் வேறு பந்தியில் அமர்த்துகின்றது?

சேலம் சீமையிலேயே அதே ஆண்டில் மற்றொரு காட்சி அரங்கேறியது. 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதற்கு நிலம் ஈந்தவர் அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். அதனைத் திறந்து வைத்தவர் ஈ.வெ. ராமசாமி. தீண்டாதார் எனப்பட்டோரும் பிறரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர்; அதன் பொருட்டுச் சுற்றுப்புறத்தாரின் சினத்தையும் ஆசிரமம் தாங்கிக்கொண்டது. அதுவும் கொடையால் எழுந்ததே. எனினும் பந்தி ஒன்றே என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்துகொண்டமையால், கொடையாளருக்கும் நிலையத்துக்கும் இடையே அங்கு அவ்வழக்கு எழவில்லை.

1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியடிகளின் முன்னும் குருகுல வழக்கு வைக்கப்பட்டது. இருவர் பொருட்டு முன்பே அளித்த வாக்கு நிற்கட்டும், இனிச் சேர்வோர்க்கு அத்தகைய விலக்கு வேண்டா என்பது அவர் காட்டிய வழி. அவ்வழியும் பகையைத் தணிக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் குழு, தேசிய இயக்கத்தைச் சார்ந்த நிலையங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானத்தை நிறைவேற்றியது. மனமாற்றத்தால் வரவேண்டியதைத் தீர்மானத்தால் வரவழைத்தல் ஆகாது என்று கருதிய இராஜாஜி முதலானோர் குழுவினின்று விலகினர். ஆண்டு முடிவதற்குள் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வெ. ராமசாமி காங்கிரசை விட்டே வெளியேறினார். ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் எழுந்த வினா, தமிழக அரசியலின் போக்கையே மாற்றிவிட்டது.

ஐயர் அதற்கு முன்பே ஏப்ரலில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அப்பொறுப்பை மகாதேவ ஐயர் ஏற்றார். தாம் நட்ட மரத்தின் நிழலிலிருந்து தாமே விலகி நின்ற அவ்வேதனை எத்தகையது என்பதை அளந்தறிய இயலாது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மாணவரோடு பாபநாசம் மலைக்குச் சென்றார். கல்யாண தீர்த்தத்தில் நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரை கால் தவறி வீழ்ந்தாள். கணமும் தாழ்க்காது தந்தையும் நீரில் பாய்ந்தார். இருவரும் மீளவில்லை. குளத்தில் மூழ்கி மாய்ந்த ருக்மிணியின் கதையைத் தமிழுக்குத் தந்தவர், தம் மகளோடு அருவிநீரில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஐயரைப் போற்றுவோர் சிலர் குருகுல நிகழ்ச்சியைச் சொல்லாது விடுவதும், அவரைப் பழிப்போர் சிலர் அதனை மட்டுமே சொல்வதும் வழக்கமாகிவிட்டன. இரண்டும் அவருக்குச் செய்யும் நீதி ஆகா. பட்டத்தையும் பாதுகாப்பையும் துறக்கத் தயங்காத அவ்வீரர், இரு பெற்றோருக்குத் தந்த சொல்லைத் துறக்கத் தயங்கினார். வாய்மை என அவர் காத்த அச்சொல், பந்தியின் மறுபுறம் அமர்ந்த பிள்ளைக்கு இழிவாயிற்று. பெற்றோர் இருவர்க்கு அவர் அளித்தது வாய்ச்சொல். பொருள் ஈந்த பலர்க்கு அவர் அளித்தது எழுதாத வாக்கு. இரண்டாவது வாக்கே பெரிது என்பதை உரிய காலத்தில் அவர் உணர்ந்திருந்தால் குருகுலம் பிழைத்திருக்கக்கூடும்.

உண்டு உறையும் பள்ளிகள் இன்றும் பலர் கொடையால் நடைபெறுகின்றன. அரிசி மூட்டை ஈவோரும் கட்டடம் எழுப்புவோரும் தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்கின்றனர். பெயர் பொறிப்பதினும் தாம் கொடுத்த சோறு எவ்வாறு பரிமாறப்படுகின்றது என்று கேட்பதே கொடையாளரின் கடமை. அதற்கு மறைவின்றி விடை கூறுவது பெறுவோரின் கடமை. பொருநைக் கரையில் ஐயர் கண்ட கனவு பழுதற்றது. அக்கனவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தி விரிக்கப்படாததே பழுது. வ.வே.சு. ஐயரின் வாழ்வு அவருடைய நூல்களால் தமிழுக்கு அணியாகின்றது. அவருடைய குருகுலத்தால் தமிழருக்குப் பாடமாகின்றது.