வீரமாமுனிவர் காட்டிய வழி

ஒரு மொழியைத் தாய்மடியிற் கற்பது வேறு. வளர்ந்தபின் இலக்கணங்கொண்டு கற்பது வேறு. பின்னதில், நாவிலும் செவியிலும் முன்பே குடிகொண்ட முதன்மொழி, கற்போனுக்குத் துணையும் ஆகும், தடையும் ஆகும். இவ்வுண்மையை வீரமாமுனிவர் வாழ்வில் நாம் தெளிவாகக் காணலாம்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்தவர் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது.

அவர்தம் தாய்மொழி இத்தாலியம். அம்மொழியில் நாற்காலி பெண்பால், நூல் ஆண்பால். உயிரற்ற பொருளுக்கும் ஆண் பெண் வகுக்கும் மொழியில் வளர்ந்தவர், பொருள் நோக்கித் திணையும் பாலும் வகுக்கும் தமிழிடம் வந்தார். அங்கே தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. இங்கே கேட்போரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். அங்கே பெயர் முன்னும் அதனை விளக்கும் தொடர் பின்னும் வரும். இங்கே பெயரெச்சம் முன் செல்லப் பெயர் பின் தொடரும். அங்கே உயிரெழுத்தின் நீட்டம் சொற்பொருளை மாற்றாது. இங்கே எடு வேறு, ஏடு வேறு.

இத்தனை தடைகளையும் கடந்தவர், தமக்குப் பின் வருவோரை மறந்தாரல்லர். ஐரோப்பியர் அறிந்த இலத்தீன் மொழியிலேயே பேச்சுத்தமிழுக்கு ஓர் இலக்கணம் வரைந்தார். சமயக்கொள்கையில் அவரோடு மாறுபட்ட தரங்கம்பாடிச் சபையாரே 1738-இல் அதனை அச்சிட்டனர் என்றால், அதன் பயனுக்கு வேறு சான்று வேண்டுமோ? தமிழர்க்கோ, தமிழ் மரபு வழுவாமல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தும் கூறும் தொன்னூல் விளக்கத்தை யாத்தளித்தார். புதியவர்க்கு அவர்கள் அறிந்த மொழிவழியே வாயில் திறந்தார். உள்ளே வந்தபின் தமிழின் நெறியே நெறி என்று நின்றார். 3615 பாக்கள் கொண்ட தேம்பாவணி அந்நெறியில் விளைந்த கனி.

அக்காலத்து ஓலைகளில் புள்ளியிடாமையால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. பழகிய தமிழர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். அவற்றை வடிவால் வேறுபடுத்திய சீர்திருத்தம் முனிவருடையது என்பர். நாம் தடுக்காமல் கடந்துபோன இடத்தை, வெளியிலிருந்து வந்தவர் கண் கண்டுகொண்டது போலும்! 1747-இல் அவர் மறைந்தார். அவ்வெழுத்தையோ நாம் இன்றும் எழுதுகிறோம்.

வடபுலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. இந்தியிலும் நாற்காலிக்குப் பால் உண்டு. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லை. எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்தும் இல்லை. தெருவிலும் பள்ளியிலும் அம்மொழியே பேசி வளரும் நம் பிள்ளைகள் முனிவர் சந்தித்த அதே தடைகளில் இடறுகின்றனர். நாமோ, அதனை அக்கறையின்மை என்று கடிந்துகொள்கிறோம். ஏளனத்துக்கு அஞ்சி அவர்கள் தமிழ் பேசுவதையே விட்டுவிடுகின்றனர். இழப்பு யாருக்கு?

பிழையைக் கண்டு நகையாமல், அது எம்மொழியிலிருந்து வந்தது என்று பிள்ளைக்கு எடுத்துக்காட்டுவோம். முப்பது வயதில் வந்த இத்தாலியருக்கு வசப்பட்ட தமிழ், நம் இல்லத்துக் குழந்தைக்கு வசப்படாமற் போகுமோ?