அவரை விதையில் அருமருந்து கண்டவர்: பேர்சி ஜூலியன் வரலாறு

இரண்டு விரல் இல்லாத ஒரு கையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குகின்றோம். 1916ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்து மொண்ட்கொமரி நகரப் புகையிரத நிலையத்தில் ஒரு குடும்பம் கூடி நிற்கின்றது. அக்குடும்பத்தின் மூத்த மகன், பதினேழு வயது இளைஞன், வடக்கே இந்தியானா மாநிலத்துக்குப் படிக்கப் போகின்றான். வழியனுப்ப வந்தவர்களுள் அவனுடைய பாட்டனாரும் ஒருவர். அவர் அடிமையாக வாழ்ந்தவர். அடிமைகள் எழுத்தறிதல் குற்றமென்றிருந்த நாளில் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டமைக்குத் தண்டனையாக அவருடைய விரல்களில் இரண்டைத் தறித்துவிட்டார்கள். வண்டி புறப்படும்போது எஞ்சிய விரல்களோடு அந்தக் கை அசைந்து விடைகொடுத்த காட்சியை அவ்விளைஞர் பிற்காலத்திற் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கின்றார். அவர்தாம் பேர்சி லவோன் ஜூலியன்.

இம்மலருக்கு விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டபோது நாம் முதலில் நினைத்தது கியூரி அம்மையாரையும் ரதர்போர்ட்டையுந்தான். ஆனால் அணுவைப் பிளந்தவர்களின் கதை பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பீப்பாய் எண்ணெயிலிருந்து மருந்து கடைந்தெடுத்தவரின் கதையை நம்மிற் பலர் கேட்டிரார். எனவே அதனையே எழுதத் துணிந்தோம்.

ஜூலியன் 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி பிறந்தார். தந்தையார் புகையிரதத் தபாற் பகுதியில் எழுதுவினைஞர், தாயார் ஆசிரியை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென அந்நகரில் அரசாங்க உயர்தரப் பாடசாலை எதுவும் இருக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கான ஒரு கலாசாலையிற் கிடைத்ததைக் கற்றுக்கொண்டே அவர் வடக்கே போனார். வீட்டிலோ படிப்புத்தான் முதல். ஒருமுறை கணிதத்தில் எண்பது புள்ளி பெற்று மகிழ்ச்சியோடு வந்த மகனிடம், எண்பதோடு திருப்தியடையலாகாது, நூறே வேண்டுமென்று தந்தையார் சொல்லிவிட்டாராம். நம் வீடுகளில் இப்படிச் சொல்லாத தந்தையர் எத்தனை பேர்? ஆனால் அந்தத் தந்தை சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. எண்பது பெற்ற வெள்ளையனுக்குத் திறக்கும் கதவு நூறு பெற்ற கறுப்பனுக்கும் திறக்குமோ என்பது அவருக்கே நிச்சயமில்லை.

கிறீன்காசில் என்னும் சிற்றூரிலுள்ள டிபோ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது, விடுதியிற் சேர்க்கவில்லை. வந்த புதிதில் ஒருவேளை உணவு கொடுக்கச் சம்மதிக்கும் இடத்தைத் தேடியே ஒன்றரை நாள் அலைந்தார். பின்பு வெள்ளை மாணவர் சங்கமொன்றின் வீட்டில் மேற்கூரைக்கு அடியிலிருந்த ஓர் அறை கிடைத்தது. அதற்குப் பதிலாக அவ்வீட்டு உலைக்கு நெருப்பிட்டார். மேசையில் உணவு பரிமாறினார். பகலிற் பல்கலைக்கழக வகுப்பு. மாலையில், தாம் படிக்கக் கிடைக்காத உயர்தரப் பாடசாலைப் பாடங்களைச் சிறுவர்களோடு இருந்து படித்தார். 1920இல் வகுப்பில் முதல்வராய்ப் பட்டம் பெற்றார்.

உடன் படித்தவர்களுக்கு மேற்படிப்புக்கு உதவித்தொகை வந்தது. முதல்வருக்கு வரவில்லை. அவருடைய இரசாயன ஆசிரியர் பிளான்சார்ட் பல இடங்களுக்கு எழுதிக் கேட்டார். அந்தப் பையனுக்கு ஆசை காட்டவேண்டாம், படித்து முடித்தாலும் அவனுக்கு வேலை கொடுப்பார் இல்லை என்ற பொருளிலே மறுமொழிகள் வந்தன. ஜூலியன் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராய்ப் போனார். பின்பு ஹார்வாட்டில் ஓர் உதவித்தொகை கிடைக்க, 1923இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்குத் தொடர வேண்டுமாயின் கீழ்வகுப்பு மாணவருக்குக் கற்பிக்கும் பதவி ஒன்று தேவை. கறுப்பர் கற்பிப்பதை வெள்ளை மாணவர் விரும்பார் என்று சொல்லி அதனைக் கொடுக்காது விட்டார்கள். அவர் அங்கிருந்து வெளியேறி, கறுப்பின மாணவருக்குரிய கல்லூரிகளிற் கற்பித்தார்.

1929இல் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் ஏர்ன்ஸ்ட் ஸ்பேத் என்னும் பேராசிரியரின்கீழ், ஒரு செடியின் கிழங்கிலுள்ள காரப்போலிகளை ஆராய்ந்து 1931இற் கலாநிதியானார். இசையரங்குக்கும் நண்பர் வீட்டு விருந்துக்கும் முன்வாசலாற் போய்வர அவருக்கு முதன்முதலில் இடங்கொடுத்த நகரம் வியன்னா. அதே வியன்னாவில் ஏழு ஆண்டுகளின் பின் யூதர்களைத் தெருவில் முழந்தாளிட வைத்துக் கல்லைத் தேய்க்கச் செய்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஓர் ஊரை நல்லூர் என்று ஒரே முடிவாய்ச் சொல்லிவிட முடியாது.

வியன்னாவில் உடன் ஆராய்ந்த யோசப் பிக்கல் என்னும் நண்பரும் அவரோடு அமெரிக்கா வந்தார். இருவரும் ஹவார்ட் பல்கலைக்கழகத்திற் சிறிது காலம் இருந்து, பிளான்சார்ட் அழைக்க டிபோவுக்குத் திரும்பினர். இங்கேதான் கலபார் அவரையின் கதை வருகின்றது.

கலபார் மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய நைஜீரியாவிலுள்ள ஓர் இடம். அங்குள்ளோர் முற்காலத்தில் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு ஒரு காட்டவரை விதையை ஊட்டிச் சோதித்து வந்தனர். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, இறந்தாற் குற்றவாளி. இக்கொடிய விதையிலுள்ள நஞ்சு ஃபைசொஸ்டிக்மின் எனப்படும். ஆனால் அளவறிந்து ஒரு துளி கண்ணில் விட்டால் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தணித்துப் பார்வையைக் காப்பாற்றும். அதன் அமைப்பை அறிந்திருந்தும், அதனை ஆய்வுகூடத்திலே கட்டியெழுப்ப யாராலும் முடியவில்லை. ஒக்ஸ்போட்டில் ரொபேட் ரொபின்சன் என்னும் பெரும் பேராசிரியர் முயன்றுகொண்டிருந்தார். அவர் 1947இல் நொபெல் பரிசு பெற்றவர். அப்பொருளுக்கு ஒரு படி முந்திய சேர்வையைத் தாம் ஆக்கிவிட்டதாக அவர் எழுதியிருந்தார். ஜூலியனும் பிக்கலும் ஆக்கிய சேர்வையின் இயல்புகள் அதனோடு பொருந்தவில்லை. இருவரில் ஒருவர் பிழை.

நம் நிலையை எண்ணிப் பார்த்தால், உலகப் புகழ் பெற்ற ஒருவரோடு நம் கணக்கு முரண்பட்டால் நாம் நம் குறிப்புப் புத்தகத்தைத்தான் முதலில் அழிப்போம். ஜூலியன் அழிக்கவில்லை. தம் முடிவே சரி, ஒக்ஸ்போட்டின் முடிவு பிழையென்று அச்சிலே எழுதிவிட்டார். பிழைத்திருந்தால் அவருடைய தொழில் அன்றோடு முடிந்திருக்கும். தாம் ஆக்கிய பொருளையும் இயற்கை விதையிலிருந்து எடுத்த பொருளையும் உருகுநிலைக் குழாயிலிட்டுச் சூடாக்கிப் பார்த்தனர். இரண்டும் ஒத்து வந்தன. 1935இல் ஃபைசொஸ்டிக்மின் முழுவதும் ஆக்கப்பட்டது. அவ்வாண்டு மார்கழியில் அவர் அன்னா ஜோன்சன் என்னும் பெண்மணியை மணந்தார். அன்னாவும் 1937இற் சமூகவியலிற் கலாநிதியானார்.

இத்தகைய வெற்றியின் பின்னும் டிபோ அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. டியூபொன்ட் என்னும் பெரிய இரசாயன நிறுவனம் பிக்கலை ஏற்றுக்கொண்டு ஜூலியனை விலக்கியது. விஸ்கொன்சின் மாநிலத்து அப்பிள்டன் நகரிற் கடதாசி இரசாயன ஆராய்ச்சி நிலையமொன்று அவரை விரும்பியது. ஆனால் கறுப்பினத்தவர் அந்நகரில் இராத்தங்கலாகாது என்ற தடை குறுக்கே நின்றது. இதை வாசித்துக் கொதிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் ஒரு காலத்திற் சிலருக்கு வேறு பாத்திரம் வைத்திருந்தார்கள். பெரியவர்களைக் கேட்டால் எந்தச் சந்தியில் எந்தக் கடை என்றுஞ் சொல்லுவார்கள்.

கதவு திறந்தது பல்கலைக்கழகத்தில் அன்று, வர்ணப்பூச்சு வியாபாரத்தில். சிக்காகோவில் கிளிடன் என்னும் வர்ணக் கம்பனி சோயா அவரை எண்ணெய் பிழிந்து வந்தது. அவர்களிடம் ஆராய்ச்சிக்கெனச் சில கலன் எண்ணெய் கேட்டு ஜூலியன் எழுதியிருந்தார். அவர்கள் எண்ணெயோடு நிற்காமல், 1936இற் சோயாப் பகுதி ஆராய்ச்சிக்கே அவரைத் தலைவராக்கினர். அவ்வளவு பெரிய நிறுவனத்தில் அத்தகைய பதவி ஒரு கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது அந்நாளில் அதிசயம். சோயாப் புரதத்தைப் பிரித்துக் கடதாசிக்குப் பூச்சாக்கினார். அப்புரதத்தை ஆதாரமாகக் கொண்டே, எண்ணெய் பற்றியெரியும் தீயை மூடி அணைக்கும் நுரையொன்று செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரிற் கப்பல்களில் அதைக் கையாண்ட மாலுமிகள் அவரைச் சூப்பு என்று அதற்குச் செல்லப் பெயரிட்டனர்.

ஆனால் அவர் எண்ணெய் கேட்டது நுரைக்காக அன்று. கலபார் அவரையைப் பிரித்தபோது அதன் எண்ணெயில் ஸ்டிக்மஸ்டெரோல் என்னும் பளிங்குகளைக் கண்டிருந்தார். அதே பொருள் சோயா எண்ணெயிலும் உண்டு. இதன் சிறப்பைச் சற்றே விளக்கவேண்டும். நம் உடலிற் பிறக்கும் பல ஓமோன்களுக்கு அடிப்படை ஒரே எலும்புக்கூடு: பதினேழு காபன் அணுக்கள், நான்கு வளையங்கள்; மூன்று அறுகோணம், ஒன்று ஐங்கோணம். தாவரத்திலுள்ள ஸ்டிக்மஸ்டெரோலுக்கும் அதே எலும்புக்கூடு. நீண்ட ஒரு வால் மட்டும் மிகுதியாக உண்டு. அவ்வாலின் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கின்றது. ஓசோன் வாயு அவ்விடத்திலே கத்திபோல வெட்டும். வாலை வெட்டி மேலுஞ் சில மாற்றஞ் செய்தால், கருச்சிதைவைத் தடுக்க உதவும் புரோஜெஸ்ரரோன் கிடைக்கும். ஜெர்மனியர் இதனை முன்னரே சிறு அளவிற் செய்து காட்டியிருந்தனர். எண்ணெயிலிருந்து போதிய ஸ்டிக்மஸ்டெரோலை மலிவாகப் பிரிப்பதுதான் இடையூறாயிருந்தது.

1940இல் ஒருநாள், சுத்திகரித்த எண்ணெய் ஓரிலட்சம் கலன் கொண்ட தாங்கியினுள் நீர் கசிந்து எண்ணெய் கெட்டுவிட்டதென்று செய்தி வந்தது. பெரும் நட்டம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடியில் வெண்மையான ஒரு சகதி படிந்திருந்தது. மற்றவர்களுக்கு அது கழிவு; அவருக்கோ தேடிக்கொண்டிருந்த பொருள். நீர் சேர்ந்தமையால் ஸ்டெரோல்கள் தாமே பிரிந்து அடியில் இறங்கியிருந்தன. இதனை அதிட்டம் என்பாரும் உளர். கலபார் அவரையின் பளிங்கை முன்பு கண்டிராத ஒருவர் அங்கே நின்றிருந்தால் அச்சகதி வாய்க்காலுக்குத்தான் போயிருக்கும் என்பது நமது கருத்து. விரைவில் நாளொன்றுக்கு நூறு இறாத்தல் கலப்பு ஸ்டெரோல் எடுக்கலாயினர். அவ்வாண்டு அவர் அனுப்பிய முதல் ஓர் இறாத்தல் புரோஜெஸ்ரரோனின் விலை 63,500 டொலர்; ஆயுதக் காவலோடு அது போயிற்று.

1949இல் மேயோ மருத்துவ நிலையத்தார், முடக்குவாத நோயாளர் கோட்டிசோன் என்னும் மருந்தால் எழுந்து நடந்ததை அறிவித்தனர். அம்மருந்தை எருதின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளிற் செய்யவேண்டியிருந்தமையால் விலை எட்டாத உயரத்தில் நின்றது. கோட்டிசோனைக் கண்டுபிடித்தவர் ஜூலியன் என்று சில சஞ்சிகைகளில் எழுதுகின்றனர். அது சரியன்று. அப்பெருமைக்காக 1950இல் நொபெல் பரிசு பெற்றவர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் என்னும் மூவர். ஜூலியன் செய்தது, கோட்டிசோனுக்கு மிக நெருங்கிய உறவான சேர்வை எஸ் என்பதை மலிவாக ஆக்கும் வழி கண்டது. வளையத்தின் ஓரிடத்தில் ஓர் ஒட்சிசன் அணு மட்டுமே குறை. அவ்வணுவைப் பொருத்தும் வேலையை ஒரு பூஞ்சணம் செய்யுமென்று 1952இல் அப்ஜோன் நிறுவனத்தார் கண்டனர். இவ்வாறு பலர் கைபட்டே மருந்து ஏழை வீட்டை எட்டியது.

அதே காலத்தில் அவர் சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் என்னுஞ் செல்வர் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார். 1950இல் அந்நகரத்தின் ஆண்டுச் சிறப்பாளர் என்று பத்திரிகையொன்று அவரைக் கொண்டாடியது. அவ்வாண்டு நவம்பரில், நன்றியறிதல் நாளன்று, அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951 யூன் மாதம் வெடிகுண்டு எறிந்தனர். பெற்றோர் வெளியூரில், பிள்ளைகள் இருவரும் வீட்டினுள். உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் இரவுகளில் முற்றத்து மரத்தடியிலே துப்பாக்கியோடு காவலிருந்த தந்தைக்குப் பக்கத்தில் மகனும் இருந்தான். அம்மகன் பின்னாளிற் குடியுரிமை வழக்குகளை நடத்தும் சட்டத்தரணியானார். அயலவர் சிலர் ஆதரவாகக் குழு அமைத்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஜூலியன் வீட்டை விற்கவில்லை.

1953இற் கிளிடனை விட்டு விலகித் தம் பெயரில் ஓர் ஆய்வுகூடம் நிறுவினார். கறுப்பின இரசாயனவியலாளர் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. சோயாவினும் மெக்சிக்கோக் காட்டுக் கிழங்கு மலிவு என்று கண்டு அங்கே ஆலை கட்டினார். கிழங்கு எடுக்க அனுமதி கிடைக்காமல் ஆலை வெறுமனே நின்றபோது குவாத்தமாலாவிலிருந்து கிழங்கு தருவித்தார். 1961இல் அத்தொழிலை 23 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன்பின் குடியுரிமை இயக்கங்களுக்குப் பொருள் திரட்டுவதிலும் உழைத்தார்.

1973இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தவராக்கியது. கறுப்பின இரசாயனவியலாளருள் அவரே முதல்வர். அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. 1975 ஏப்பிரல் 19இல் ஈரற் புற்றுநோயால் இறந்தார். 1980இல் டிபோப் பல்கலைக்கழகம் தன் விஞ்ஞான, கணித மண்டபத்துக்கு அவர் பெயரை இட்டது. அவர் உலைக்கு நெருப்பிட்ட வீடும் அதே கிறீன்காசிலில்தான் இருந்தது.