கழற்றவும் பூட்டவும் கற்றவர்: கோவை ஜி. டி. நாயுடு

நூல் பல கற்றுப் பட்டம் பெற்று உயர்ந்த பெரியோரின் வரலாறுகளே கல்லூரி மலர்களிலே பெரிதும் இடம்பெறுவன. பள்ளிப் படிப்பை நடுவிலே துறந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே நாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தருதல் கூடும். எனினும், அன்னார் கல்வியை வெறுத்தவரல்லர்; தமக்கென வேறொரு கல்வி வழியைக் கண்டவர். அவ்வழி எம்மூர் இளைஞர்க்கும் உரியதென்பதனாலேயே இவ்வரலாற்றைத் தெரிந்தெடுத்தோம்.

துறைமுக நகரினராகிய எமக்கு இயந்திரம் புதியதொன்றன்று. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டிலே இத்தளத்தை விட்டு அகலும்வரை, அதன் பட்டறைகளின் ஓசையைக் கேட்டே பல தலைமுறைகள் வளர்ந்தன. இன்றும் உட்துறைமுகக் கரையிலே மீன்பிடி வள்ளத்தின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவோரைக் காண்கின்றோம். பழைய காரொன்றை வீட்டு முற்றத்திலே கல்லடுக்கின்மீது நிறுத்தி, மாதக்கணக்காக அதனோடு மல்லாடும் இளைஞரையும் காண்கின்றோம். ஆயினும், அவர்தம் கையிற் படிந்த எண்ணெய்க் கறையை இழிவாகக் கருதும் மனப்பான்மை எம்மைவிட்டு முற்றாக நீங்கிற்று என்று சொல்லுதற்கில்லை. இத்தகையோர் அறியத்தக்க வரலாறு கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களுடையதாகும்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆந் திகதி, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிலே வேளாண் குடியிற் பிறந்தார். வகுப்பறை அவர்க்குச் சிறைக்கூடமாகவே தோன்றிற்று. தொடக்க வகுப்புகளோடு அவரது பள்ளி வாழ்வு முடிந்தது.

1912ஆம் ஆண்டளவில், ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த றட்ஜ் மோட்டார்ச் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இல்லாது தானே ஓடும் வண்டியைக் கண்டு வியந்தோர் அந்நாளிற் பலர். வியப்போடு நின்றுவிடாது, அஃது எவ்வாறு ஓடுகின்றதென அறியத் துணிந்தவர் இவ்விளைஞர் ஒருவரே. வாங்கும் வழியில்லை. ஆகவே, கோயம்புத்தூர் சென்று உணவுச்சாலையொன்றிலே பரிமாறும் பணியில் அமர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். பின்னர் 300 ரூபா கொடுத்து அம்மோட்டார்ச் சைக்கிளைத் தமதாக்கிக்கொண்டார். அரிதின் முயன்று பெற்ற அவ்வண்டியிலே ஊர் சுற்றி மகிழ்வதோடு அவர் அமையவில்லை. அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். கழற்றியபின் மீண்டும் பூட்டினார்.

இச்செயலின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். கழற்றுதல் எளிது, திருகாணியைத் திருப்பத் தெரிந்த சிறுவனும் அதனைச் செய்வான். பூட்டுதலோ அறிவின் செயல். உருளையினுள்ளே பிஸ்டன் மேலேறி எரிகலவையை அமுக்கி முடிக்குந் தறுவாயிலே மின்பொறி பிறத்தல் வேண்டும். அப்பொறியைத் தரும் மக்னீற்றோவின் பற்சக்கரம் ஒரு பல் தவறிப் பூட்டப்படினும் இயந்திரம் உதைக்கும். அன்றேல் உயிர்பெறாது கிடக்கும். வால்வு தன் இருக்கையிலே சரிவரப் படியாவிடின் அமுக்கம் கசிந்து வலு குன்றும். காபரேற்றரின் நுண்துளையிலே ஒரு தூசு தங்கினும் எண்ணெய் செல்லாது. எல்லாம் பூட்டியபின் ஓர் ஆணி மிஞ்சிக் கிடக்குமாயின், எங்கோ பிழை நேர்ந்ததென்பது அதன் பொருள். எனவே, ஒவ்வோர் உறுப்பும் எதனோடு சேர்கின்றது, எதன் பின் வருகின்றது, ஏன் அங்கே இருக்கின்றது என்னும் மூன்றையும் அறிந்தவனே வண்டியை மீண்டும் ஓடச் செய்வான். தமிழிலே இதனைக் கற்பிக்கும் நூல் எளிதிற் கிட்டாத காலத்திலே, அவ்வண்டியையே நூலாகக் கொண்டு அவர் பயின்றார்.

அப்பயிற்சி அவரை மெக்கானிக் ஆக்கிற்று. இடையிலே திருப்பூரிற் பருத்தித் தொழில் செய்து பொருளீட்டினார். பம்பாய்ப் பருத்தி வாணிபத்திலே அதனை இழந்தார். கோயம்புத்தூரிற் பெருந்தொழில் நடத்திய ஸ்ரேன்ஸ் அவர்களின் உதவியாற் கடனுக்குப் பஸ் ஒன்றைப் பெற்று, 1920ஆம் ஆண்டிலே பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அவ்வொரு பஸ்ஸே யு. எம். எஸ். என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1930களிலே இந்தியாவின் சிறந்த பஸ் சேவைகளுள் ஒன்றென அது பெயர் பெற்றது. பழுதுற்ற உறுப்பைப் பிறநாட்டிலிருந்து வருவிக்கக் காத்திராது, இங்கேயே செய்துகொள்ளல் வேண்டுமென்பது அவரது கொள்கை. அக்கொள்கையிலிருந்து பல தொழிலகங்கள் பிறந்தன. 1937ஆம் ஆண்டிலே, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டிலே அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிற் செய்யப்பட்ட முதலாவதெனப் போற்றப்படுகின்றது. மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, வாக்குப் பதியும் இயந்திரம் என அவர் கைபட்டவை பல. 1941இலே ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாவுக்குத் தம்மாற் செய்ய இயலுமென அறிவித்தார்.

இவையெல்லாவற்றினும் எம் மனத்தை வருத்துவது அவர் செய்த காரின் கதையே. 1952ஆம் ஆண்டிலே, இருவர் அமரத்தக்க பெற்றோல் கார் ஒன்றை ஏறத்தாழ 2,000 ரூபா விலைக்குத் தரத்தக்கதாக அவர் உருவாக்கினார். அதனைப் பெருவாரியாகச் செய்ய அரசு உரிமம் வழங்க மறுத்தது. முயற்சி அவ்வளவில் நின்றது.

அதே காலத்திலே இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். கொலின் சாப்மன் என்னும் இளம் பொறியியல் மாணவர், பழைய ஒஸ்ரின் செவன் காரொன்றைச் சிறு கொட்டகையிலே பிரித்து, 1948இலே பந்தயத்துக்கேற்ற புது வண்டியாக ஆக்கினார். 1952இலே, நாயுடுவின் கார் உருவான அவ்வாண்டிலேயே, அவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957இலே வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் வண்டி, வாங்குவோர் தம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளத்தக்கதாக உறுப்புகளாகவும் விற்கப்பட்டது. முழுமையாகப் பூட்டிய காருக்கு விதிக்கப்பட்ட வரி அவ்வாறு வாங்கியதற்கு இல்லை. பூட்டும் விளக்கத்தை உடன்வைத்தற்குச் சட்டம் இடந்தராமையாற் கழற்றும் விளக்கத்தை வைத்தனரென்றும், வாங்கியோர் அதனைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பூட்டினரென்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. இருவரும் கழற்றிப் பூட்டியே கற்றவர்கள். ஒருவரது நாட்டிலே கொட்டகை தொழிற்சாலையாயிற்று. மற்றவரது நாட்டிலே கார் காட்சிப்பொருளாயிற்று. திறன் இருந்தும் வழி அடைபடுமாயின் நாடு இழப்பது எத்துணையென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பள்ளியைத் துறந்த அவர், பிறர்க்குப் பள்ளி அமைக்க மறந்தாரல்லர். 1945ஆம் ஆண்டிலே அவரது முயற்சியாலும் பொருளாலும், சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஆதர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. பாடகாலம் நீண்டு வீணாகின்றது, கைப்பயிற்சியாற் குறுகிய காலத்திலே மாணவரைத் தேர்ச்சியுறச் செய்யலாம் என்பது அவரது துணிபு. அரசினர் அதற்கு இசையவில்லை, அவர் விலகினார். அக்கல்லூரி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் விளங்குகின்றது. அஃது இடம் மாறியபின்னும், அவிநாசிச் சாலையிலே ஹோப்ஸ் கல்லூரி என்னும் நிறுத்தப் பெயர் அவ்வரலாற்றை நினைவூட்டி நிற்கின்றது. அவர் கருதியது முழுதும் சரியென்று நாம் கூறமாட்டோம். கையால் அறிந்ததற்குக் கணக்கும் விதியும் துணைநில்லாவிடின், ஒன்றைச் செய்தவன் அதனினும் பெரிதொன்றைச் செய்தல் அரிது. ஆனால், கை தொடாத கல்வி குறைபட்ட கல்வியென அவர் எழுப்பிய குரலை எந்தக் கல்லூரியும் புறக்கணித்தல் தகாது.

அன்னாரிடம் கடுமையும் பிடிவாதமும் உண்டு. வரிச்சுமையை எதிர்த்து, தாம் செய்வித்த வானொலி முதலான பொருள்களைப் பலர் காணத் தாமே உடைத்து நொறுக்கினார். எதனைக் கழற்றினும் மீளப் பூட்டுவதையே வாழ்வாகக் கொண்டவர், பூட்டவொண்ணாதவாறு உடைத்த அந்நிகழ்ச்சி, அவருள்ளத்து மனக்கசப்பின் ஆழத்தைக் காட்டுகின்றது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி அவர் மறைந்தார். கோயம்புத்தூரிலே அவர் பெயராற் பொருட்காட்சியொன்றும், 2015இல் திறக்கப்பட்ட கார்க் காட்சியகமும் உள்ளன.

மாணவர்காள்! உங்கள் வீட்டிலே பழுதுற்றுக் கிடக்கும் பொறி ஏதேனும் இருப்பின் அதனை இரும்புக் கடைக்கு விற்றுவிடாதீர்கள். பெரியோரின் இசைவோடு அதனைப் பிரியுங்கள். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலே துணியொன்றிற் பரப்பி, படம் வரைந்து, பெயர் எழுதிவையுங்கள். பௌதிக வகுப்பிலே கற்ற விதி எந்த உறுப்பிலே தொழிற்படுகின்றதென்று தேடுங்கள். பின்னர்ப் பொறுமையோடு பூட்டுங்கள். பெற்றோர்காள், ஆசிரியர்காள்! அவ்வாறு எண்ணெய்க் கையோடு வந்து நிற்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, அவன் கண்டறிந்தது யாதெனக் கேளுங்கள். நூலும் கையும் ஒருங்கே பயின்ற இளைஞரைத் தருவதே இத்துறைமுக நகர்க்கு எம் கல்லூரி செய்யத்தக்க பணியாகும்.