சொல் உறவு கண்ட பேரறிஞர் யோஹான் காஸ்பர் சொய்ஸ்

நம் பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் வடசொற்களுள் 'வீரன்', 'விதவை' என்னும் இரண்டை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஆடவனைக் குறிக்க இலத்தீனில் 'விர்' என்ற சொல் உண்டு. கணவனை இழந்தவளை அம்மொழி 'விதுவா' என்கிறது. வடமொழிக்கும் இலத்தீனுக்கும் இடையேயுள்ள இவ்வொற்றுமை கற்றோர் பலரும் அறிந்ததே. ஆனால், ஐரோப்பாவின் மேற்கு எல்லையில், அட்லாண்டிக் கடலோரத்தில் வழங்கும் ஐரிஷ், வேல்ஸ் மொழிகளிலும் இதே சொற்கள் உருமாறி வாழ்கின்றன என்பதை அறிந்தோர் சிலரே. பழைய ஐரிஷில் ஆடவன் 'ஃபெர்'. வேல்ஸ் மொழியில் 'கூர்'. பழைய ஐரிஷில் கைம்பெண் 'ஃபெத்வ்'; வேல்ஸ் மொழியில் 'க்வெத்து'. (இங்குக் ககரத்தைக் 'கங்கை' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல் ஒலித்தல் வேண்டும்.)

செவிக்குத் தொடர்பற்றவை போல் தோன்றும் இச்சொற்கள் ஒரு குடும்பத்தின் மக்களே என்று ஐயமறக் காட்டுவதற்கு அடித்தளம் இட்டவர் ஒரு ஜெர்மானியர். மொழியியல் உலகம் கெல்ட்டிய மொழியாராய்ச்சியின் தந்தை எனப் போற்றும் யோஹான் காஸ்பர் சொய்ஸ் அவர். ஐம்பதாண்டுக் காலமே வாழ்ந்த அப்பெருமகனாரின் வரலாற்றையும், அவர் வாழ்விலிருந்து மொழி மாணவர்கள் பெறத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

பவேரியா நாட்டின் வடபகுதியில் குரோனாக் என்னும் நகருக்கு அருகே ஃபோக்டென்டார்ஃப் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1806ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் சொய்ஸ் பிறந்தார். பாம்பெர்க் நகரில் பள்ளிக் கல்வி பெற்றார். மகன் சமயக் குருவாதல் வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனின் உள்ளமோ வரலாற்றையும் மொழிகளையும் நாடியது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பயின்று, அந்நகரிலேயே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

1837இல் அவருடைய முதற்பெருநூல் வெளிவந்தது. ஜெர்மானியரையும் அவர்தம் அண்டை இனத்தாரையும் பற்றிய வரலாற்று நூல் அது. அதன் சிறப்பை உணர்ந்த எர்லாங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பின்னர் ஷ்பையர் நகரத்து உயர்கல்வி நிலையத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். வைசன்பர்க் மடத்தின் பழைய ஆவணங்களைப் பதிப்பித்து 1842இல் வெளியிட்டார். மங்கிய எழுத்துகளைப் படிக்கவும், கையெழுத்தின் வடிவுகொண்டு காலத்தைக் கணிக்கவும் பெற்ற இப்பயிற்சியே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

அந்நாளைய ஆராய்ச்சி நிலை

சொய்ஸ் கெல்ட்டிய மொழிகளின்பால் திரும்பிய காலத்தில் அத்துறை எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் பணியின் அருமை விளங்கும்.

1786இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை என்றார். ஜெர்மானியமும் கெல்ட்டியமும் அவ்வாறே இருக்கக்கூடும் என்றும், பாரசீகத்தையும் உடன் சேர்க்கலாம் என்றும் கருதினார். 1816இல் ஃபிரான்ஸ் போப், வினைச்சொற்களின் அமைப்பைக் கொண்டு இவ்வுறவை மெய்ப்பித்தார். ஆனால் அவர் ஒப்பிட்ட மொழிகளுள் கெல்ட்டியம் இல்லை. 1818இல் வெளிவந்த டென்மார்க் அறிஞர் ராஸ்மஸ் ராஸ்கின் நூலோ கெல்ட்டியத்தை இக்குடும்பத்திற்குப் புறம்பானது என்றே கூறியது. பின்னர் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1831இல் பிரிச்சர்டும், 1837இல் பிக்டேயும், அவர்களைத் தொடர்ந்து போப்பும் உறவு உண்டென வாதிட்டனர். எனினும் அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பிற்காலக் கெல்ட்டிய வடிவங்களே. ஆயிரம் ஆண்டு தேய்ந்த நாணயத்தில் அரசனின் முகத்தைத் தேடுவது போன்ற முயற்சி அது.

மறுபுறம், கற்பனைச் சொல்லாராய்ச்சி பெருகிக் கிடந்தது. கெல்ட்டியமே உலகின் முதன்மொழி என்றார் சிலர். எபிரேயத்தின் கிளை என்றார் வேறு சிலர். ஒலி சற்றே ஒத்தால் போதும், எச்சொல்லையும் எச்சொல்லோடும் இணைத்துவிடுவர். அறிவுலகம் இதனைக் கண்டு நகைத்தது. அந்நகைப்பு அம்மொழிகளின் மீதும் படிந்தது.

கெல்ட்டியத்தின் தோற்றமும் ஆராய்வாரை மயக்கியது. வேல்ஸ் மொழியில் தந்தை 'தாத்'; 'என் தந்தை' என்னும்போது அச்சொல் 'நாத்' எனத் திரியும். தாய் 'மாம்', 'அவன் தாய்' என்னும்போது 'வாம்' என்றாகும். சொல்லின் இறுதி திரிவதைக் கண்டு பழகிய ஐரோப்பியப் புலவர்க்கு முதலெழுத்துத் திரிவது பெருவியப்பாக இருந்தது. நன்னூல் கற்ற நம் மாணவர்க்கு இது வியப்பன்று. 'பொன்' என்பதனோடு 'தீது' சேர்ந்தால் 'பொன்றீது' ஆவதை நாம் அறிவோம். நிலைமொழி ஈறு வருமொழி முதலைத் திரிக்கிறது. வேல்ஸில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இத்தகைய புணர்ச்சியே. வேற்றுமை யாதெனில், அங்கே திரிபை விளைவித்த நிலைமொழி ஈறு பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. திரிபு மட்டும் எஞ்சி நிற்கிறது. இக்காரணத்தைக் கண்டு சொன்னவர் போப். இதனை உறுதியாக நாட்டுவதற்குப் பழைய சான்றுகள் தேவைப்பட்டன. அவற்றைத் தேடிச் சென்றவரே சொய்ஸ்.

வரியிடைக் குறிப்புகள்

அச்சான்றுகள் கிடைத்த இடங்கள் வியப்பிற்குரியன. அயர்லாந்தின் துறவியர் ஆறாம் நூற்றாண்டின் இறுதி முதலே ஐரோப்பியப் பெருநிலத்தில் பரவி மடங்களையும் கல்விக்கூடங்களையும் அமைத்தனர். அவர்கள் இலத்தீன் நூல்களைக் கற்றபோது, கடினமான சொற்களின் மேலும், வரிகளின் இடையிலும், பக்க ஓரங்களிலும் தம் தாய்மொழியில் பொருள் எழுதி வைத்தனர். கித்தாபுகளின் அரபு வரிகளுக்கு இடையே அரபுத் தமிழில் பொருள் எழுதிய பெரியோர்களின் மரபினர்க்கு இப்பழக்கம் புதிதன்று.

வூர்ட்ஸ்பர்க் நகரில், பவுலின் நிருபங்கள் அடங்கிய எட்டாம் நூற்றாண்டுச் சுவடி இருந்தது. மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் சங்கீதங்களின் விளக்கவுரை இருந்தது. சுவிட்சர்லாந்தின் செயிண்ட் காலன் மடத்தில் பிரிஷியன் இயற்றிய இலத்தீன் இலக்கணத்தின் ஒன்பதாம் நூற்றாண்டுப் படி இருந்தது. இவையனைத்திலும் வரியிடையே பழைய ஐரிஷ் நிறைந்திருந்தது.

இக்குறிப்புகளுக்கு இரு பெருஞ்சிறப்புகள் உண்டு. முதலாவது, எந்த இலத்தீன் சொல்லுக்கு எழுதப்பட்டதோ அச்சொல் அருகிலேயே இருந்தமையால் பொருள் ஐயமின்றி விளங்கியது. இரண்டாவது, அயர்லாந்திலேயே தங்கிய நூல்கள் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டபோது அவற்றின் மொழியும் புதுமையடைந்தது. அயல்நாட்டு மடங்களில் உறங்கிய இக்குறிப்புகளோ எழுதப்பட்ட நாளின் மொழியை அவ்வாறே காத்து நின்றன.

நிழற்படப் படிகளை நம்ப இயலாத காலம் அது. ஆசிரியப் பணிக்கிடையே சொய்ஸ் நூலகம் நூலகமாகச் சென்று, நுண்ணிய எழுத்துகளைக் கண் நோகப் படித்துத் தம் கையாலேயே படியெடுத்தார். 1847இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. உடல்நலக் குறைவால் அவ்வாண்டிலேயே அதனைத் துறந்து பாம்பெர்க் நகருக்கு மாறினார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை.

கெல்ட்டிய இலக்கணம்

1853இல் லைப்சிக் நகரில் 'கிராமாட்டிகா கெல்ட்டிகா' என்னும் அவருடைய இலக்கண நூல் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் எழுதப்பட்டு, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்தது அது. ஐரிஷ், வேல்ஸ், கார்னிஷ், பிரெத்தோன் ஆகிய மொழிகளின் பழைய வடிவங்களையும், பண்டைய கால் நாட்டின் பெயர்ச்சொற்களையும் அது ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. அயர்லாந்துக் கிளை, பிரித்தானியக் கிளை என்ற பாகுபாட்டை ஒலி, சொல் இரண்டிலும் தெளிவாக்கியது.

பழைய வடிவம் என்ன உதவி செய்தது என்பதற்கு ஒரு சான்று காண்போம். ஐரிஷில் அரசன் 'ரீ'. இதனை 'ராஜா' என்பதோடு இணைத்தால் கேட்போர் நகைப்பர். ஆனால் பழைய ஐரிஷில் இச்சொல் வேற்றுமை ஏற்கையில் 'ரீக்' எனக் ககரம் வெளிப்படும். இலத்தீனில் 'ரெக்ஸ்' வேற்றுமை ஏற்று 'ரேகிஸ்' ஆகும். சீசரை எதிர்த்துப் போரிட்ட கால் நாட்டுத் தலைவன் வெர்சிஞ்செட்டோரிக்ஸின் பெயரிலும் இறுதியில் நிற்பது இச்சொல்லே. வடமொழி 'ராஜன்' இவற்றின் உடன்பிறப்பு. மறைந்திருந்த ஓர் எழுத்து வெளிப்பட்டதும் உறவும் வெளிப்பட்டது.

சொய்ஸ் இட்ட அடித்தளத்தின் மேல் பின்வந்தோர் ஒலி விதிகளைத் தெளிவாக்கினர். இலத்தீனில் சொல்முதலில் வரும் வகரம் பழைய ஐரிஷில் 'ஃப' எனவும், வேல்ஸில் 'க்வ' எனவும் நிற்கும். முன்கண்ட இரு சொற்களோடு, உண்மையைக் குறிக்கும் இலத்தீன் 'வேருஸ்', ஐரிஷ் 'ஃபீர்', வேல்ஸ் 'க்வீர்' என்பனவும் இவ்விதிக்கு அடங்கும். மூலமொழியின் பகரம் கெல்ட்டியத்தில் சொல்முதலில் மறையும். எனவே தந்தையைக் குறிக்கும் இலத்தீன் 'பாதெர்', வடமொழி 'பிதா' ஆகியவற்றுக்கு ஈடாக ஐரிஷில் 'ஆதிர்' உள்ளது. மீனைக் குறிக்கும் 'பிஸ்கிஸ்' ஐரிஷில் 'ஈஸ்க்'. நிறைவைக் குறிக்கும் 'ப்ளேனுஸ்', நாம் 'பூரணம்' என வழங்கும் சொல்லின் மூலம் ஆகியவற்றுக்கு இணை 'லான்'. உடன்பிறந்தானைக் குறிக்கும் ஐரிஷ் 'ப்ராதிர்' என்பதும், நம் பெரியோர் நன்கறிந்த பாரசீக 'பிராதர்' என்பதும் ஒரு வேரின் இரு தளிர்களே.

இங்கே உறவை நாட்டுவது ஒலியொற்றுமை அன்று, ஒழுங்கான வேற்றுமை. இரு சொற்கள் ஒத்திருப்பதால் மட்டும் அவை உறவாகா. ஒரே வகையில், ஒரே இடத்தில், மீண்டும் மீண்டும் வேறுபடுமாயின் அவை உறவாம்.

ஏளனத்திற்கு விடை

இந்நூல் உருவான காலத்தை நாம் மறத்தலாகாது. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் நிலவியது. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர்; மேலும் அத்தனை பேர் கடல் கடந்து சென்றனர். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியின் ஏழை உழவரே பெரிதும் அழிந்தனர். வேல்ஸில் 1847இல் வெளிவந்த அரசின் கல்வி அறிக்கை, அம்மக்களின் தாய்மொழியே அவர்தம் முன்னேற்றத்திற்குத் தடை எனப் பழித்தது. பேசுவோர் பசியால் மடிய, பிள்ளைகள் பள்ளியில் தம் மொழிக்காக நாணிய அவ்வாண்டுகளில்தான், தொலைவில் ஓர் ஆசிரியர் அம்மொழியின் ஆயிரமாண்டு எழுத்துகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது தாய்மொழியன்று. அதனால் அவர் பெற்ற செல்வமும் இல்லை. ஏழையின் பேச்சு எனப்பட்டது கிரேக்கத்திற்கும் இலத்தீனுக்கும் உடன்பிறப்பு என்பதை அவர் நூல் மறுக்கவொண்ணாத வகையில் நிலைநாட்டியது.

மறைவும் வழிவந்தோரும்

நூல் வெளிவந்தபோது சொய்ஸின் உடல் மிக நலிந்திருந்தது. 1855இல் பணியிலிருந்து விடுப்புப் பெற்றுப் பிறந்த ஊருக்குத் திரும்பினார். 1856 நவம்பர் 10ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவர் நூலைத் திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை ஹெர்மன் ஏபெல் 1871இல் நிறைவு செய்தார்.

அவர் வழியில் நின்றோருள் அயர்லாந்தின் விட்லி ஸ்டோக்ஸ் நமக்கு நெருக்கமானவர். வழக்கறிஞரான அவர் 1862இல் இந்தியா வந்து, சென்னையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பணிபுரிந்தார். சட்டத் தொகுப்புகளை வரைந்தார். பகலில் சட்டப்பணி ஆற்றியவர் ஓய்வில் பழைய ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தார். அவற்றுள் சில கல்கத்தாவிலேயே அச்சாயின. 1901 முதல் 1903 வரை அவரும் ஸ்ட்ராக்கனும் வெளியிட்ட பெருந்தொகுப்பில் சொய்ஸ் தேடிய வரியிடைக் குறிப்புகள் முழுமையாக இடம்பெற்றன.

ஐரிஷ் மொழி 1937ஆம் ஆண்டு அரசமைப்பில் அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி ஆயிற்று. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸ் மொழிக்கு அதன் நாட்டில் அலுவல்மொழித் தகுதியை உறுதி செய்தது. ஆராய்ச்சி மட்டுமே இவற்றைத் தந்தது என்று கூறுவதற்கில்லை; மக்களின் போராட்டமே முதற்காரணம். எனினும், தம் மொழியின் தொன்மையை எடுத்துக்காட்ட அம்மக்கள் கையில் ஒரு சான்று இருந்தது.

நாம் பெறும் பாடம்

சொய்ஸ் மறைந்த அதே 1856ஆம் ஆண்டில்தான் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. கால்டுவெல் பிறந்ததும் அயர்லாந்து மண்ணில்தான். இக்கட்டுரையில் நாம் கண்ட 'வீரன்', 'விதவை', 'பிதா' முதலியன தமிழுக்கு வந்த விருந்தினர். தமிழின் குடும்பம் வேறு. அதனையும் ஒழுங்கான ஒப்பீடே காட்டிற்று. 1816இல் எல்லிஸ் தொடங்கிய பணியைக் கால்டுவெல் விரித்துரைத்தார். கெல்ட்டியத்தைக் குடும்பத்தில் சேர்த்ததும், தமிழுக்குத் தனிக் குடும்பம் உண்டெனக் காட்டியதும் ஒரே அளவுகோல்தான்.

தாய்மொழிப் பற்று மிகுந்த நம் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒலி ஒத்த சொற்களை அடுக்கி மொழிக்குப் பெருமை தேடுவது எளிது, அப்பெருமை நிலையாது. கெல்ட்டியத்தை நேசித்ததாகக் கூறிய கற்பனையாளர் அதற்குத் தேடித் தந்தது நகைப்பு. நோயுற்ற உடலோடு ஒவ்வோர் எழுத்தாகப் படியெடுத்த அயலார் தேடித் தந்ததே மதிப்பு.

மற்றொன்றும் உண்டு. யாரோ ஒரு மாணவர், தம் பாடம் விளங்குவதற்காக ஓரத்தில் எழுதிய சிறு குறிப்பு, ஆயிரம் ஆண்டு கழிந்து ஒரு மொழிக்கே சான்றாயிற்று. நம் இல்லங்களின் பழைய பெட்டிகளிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் வரியிடை எழுத்துகளோடு கூடிய கித்தாபுகள் கரையானுக்கு இரையாகிக் கிடக்கக்கூடும். அவற்றைத் திறந்து பார்க்கும் பொறுமை நம்மில் எவர்க்கு வாய்க்கிறதோ, அவரே சொய்ஸின் உண்மையான மாணவர்.