பறங்கிமலையில் ஆரம்பித்த கோடு

தாம்பரத்துல இருந்து பீச் ட்ரெயின் பிடிச்சுப் போறவங்க எல்லாருக்கும் இந்த மலை தெரியும். பழவந்தாங்கல் தாண்டினதும் இடது பக்கம் வரும். பறங்கிமலை. உயரம் சுமார் 300 அடிதான். இமயமலை வரைக்கும் போன ஒரு அளவை வேலை இந்த மலைக்குப் பக்கத்துலதான் ஆரம்பிச்சதுன்னு சொன்னா நம்புவீங்களா? நான் முதல்ல நம்பல.

உங்க கிளாஸ்ல ஓரியன்டியரிங் போனவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. கையில மேப்பும் காம்பஸும் இருக்கும். அடுத்த பாயின்ட் 800 மீட்டர்தான்னு மேப் சொல்லும். இறங்கி நடந்தா நடுவுல முள்ளுக்காடு, இல்லைனா முழங்கால் வரைக்கும் சேறு. அவங்களுக்காவது கையில மேப் இருக்கு. சரியான மேப்பே இல்லாத நாட்டுல, அதைப் போடுறதுக்காகவே இருபது வருஷம் நடந்த ஒருத்தர் இருந்தார். அவர் பேர் வில்லியம் லாம்டன்.

ஒரு கண், நிறைய கணக்கு

லாம்டன் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். 1781ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கைதானவர்களில் இவரும் ஒருத்தர். அதுக்கப்புறம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பல வருஷம் ஒரு சின்ன ராணுவ உத்தியோகம். பெரிய வேலை ஒண்ணும் கிடையாது. அந்த நேரத்தை எல்லாம் கணக்குப் புத்தகங்களோடயே கழித்தார். ஒரு சூரிய கிரகணத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுப்போச்சு. பிற்காலத்தில் தூரம் தூரமா அளந்ததெல்லாம் மிச்சம் இருந்த அந்த ஒரு கண்ணாலதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு முடியுற நேரத்தில் 33வது ரெஜிமென்டோடு இந்தியா வந்தார். அந்த ரெஜிமென்டின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாடி வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அதே ஆள்.

1799 ஏப்ரலில் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் ஒரு ராத்திரி, ஜெனரல் பெயர்டின் படை ஒரு தோப்பைச் சோதனை போட்டுவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூடப் போன லாம்டன் வானத்தைப் பார்த்தார். வடக்கே போக வேண்டிய படை தெற்கே, நேரா எதிரி பக்கமே நடந்துக்கிட்டு இருக்கு! போய்ச் சொன்னார். நட்சத்திரத்தைப் பார்க்காமலே தனக்கு வழி தெரியும்னு பெயர்ட் எரிந்து விழுந்தார். கடைசியில் காம்பஸை எடுத்துப் பார்த்தால் லாம்டன் சொன்னதுதான் சரி. கிட்டத்தட்ட அதே நாட்களில் வெல்லெஸ்லியும் வாய்க்காலும் மூங்கிலும் நிறைந்த சுல்தான்பேட்டைத் தோப்பில் இருட்டில் படையோடு சிக்கி, வழி தெரியாமல் தோற்றுத் திரும்பினார். தரையைத் தெரிஞ்சுக்காமல் இறங்கினால் என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் நல்லாவே புரிஞ்சிருக்கணும். போர் முடிந்ததும் கிழக்குக் கடற்கரையில் இருந்து மேற்குக் கடற்கரை வரை துல்லியமாக அளக்கலாம்னு லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். அதை ஆதரித்தவர்களில் முக்கியமானவர் வெல்லெஸ்லி.

எல்லாரும் ஆதரிக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்குறவங்ககிட்ட சொன்னால் போதும், இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு கேட்ட அதிகாரியும் இருந்தார்னு சொல்வாங்க. ஆனால் லாம்டனோட மனசில் இருந்தது வெறும் ரூட் மேப் இல்லை. பூமியின் வடிவத்தையே கணக்கிடணும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஒரே ஒரு கோடு

இங்கதான் நம்ம ஏரியா வருது. சர்வேயிங் படிச்சவங்களுக்குத் தெரியும், முக்கோணத்தில் ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மிச்சத்தைக் கணக்குப் போட்டுடலாம். அந்த முக்கோணத்தின் மேல இன்னொன்னு, அதுக்கு மேல இன்னொன்னுன்னு போய்க்கிட்டே இருக்கலாம். ஏரி, காடு, சதுப்பு எதிலும் சங்கிலி இழுக்க வேண்டாம். மலை உச்சிக்கு மலை உச்சி கோணம் பார்த்தால் போதும். ஆனால் முதல் பக்கத்தை மட்டும் தரையில்தான் அளந்தாகணும். அதில் தப்பு வந்தால் கடைசி வரைக்கும் தப்பு.

அந்த முதல் பக்கத்துக்கு லாம்டன் தேர்ந்தெடுத்த இடம், பறங்கிமலைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து தெற்கே பெரும்பாக்கம் மலைக்கிட்ட முடிகிற சமதரை. நீளம் சுமார் ஏழரை மைல். வேலை 1802 ஏப்ரல் 10ஆம் தேதி தொடங்கியது. உங்க போன்ல மேப்பைத் திறந்து ரெண்டு மலைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்க. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமாப் போகும். கிழக்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். இன்னைக்கு டிராஃபிக்கில் ஊர்ந்து போற அதே வழிதான்.

கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதுக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசு கொண்டுபோன பிரிட்டிஷ் தூதுக்குழுவின் சாமான்களில் ஒண்ணு அது. அங்கே வேண்டாம்னு ஆகி, கல்கத்தா வந்து, லாம்டன் கைக்குச் சேர்ந்தது. அதைத் தரையில் போட்டு இழுக்கலைங்க. நீளமான மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளை முக்காலிகள் மேல் நிறுத்தி, திருகு வைத்து மட்டம் பார்த்து, 100 அடி அளந்ததும் மொத்தத்தையும் தூக்கிக்கிட்டு அடுத்த 100 அடிக்குப் போகணும். இப்படி 400 தடவை.

நேரம் என்னன்னு கவனிச்சீங்களா? ஏப்ரல், மே. மெட்ராஸ் வெயில். எஃகு சூட்டில் நீளும். நீங்களே கணக்குப் போடுங்க. 100 அடி எஃகு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒண்ணுமே இல்லைன்னு தோணும். 400 தடவைக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர் பார்த்துத் திருத்தம் எழுதினார் லாம்டன். நம்ம லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதுவோமே, அதை நினைச்சுக்கிட்டேன்.

அவர்கூட இருந்த உதவியாளர்களைப் பற்றியும் சொல்லணும். அவர்களில் முக்கியமானவர் ஜோஷுவா டி பென்னிங். மெட்ராஸில் 1794ல் தொடங்கிய சர்வே பள்ளியில் பயிற்சி பெற்றவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்னைக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியா நிக்குது. கடைசி வரைக்கும் லாம்டனோட வலது கை இவர்தான்.

மேலே ஏறினாலும் தப்பிக்க முடியலை

கோணம் அளக்க இங்கிலாந்தில் இருந்து வந்த தியோடலைட்டின் எடை கிட்டத்தட்ட அரை டன். வர்ற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனாங்க. பெட்டியில் இருப்பது அறிவியல் கருவின்னு தெரிந்ததும் மரியாதையா மெட்ராஸுக்கு அனுப்பி வைத்தாங்க. அதைத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறி மேற்கே போனார் லாம்டன். அதுவரை மேப்களில் மெட்ராஸுக்கும் மங்களூருக்கும் நடுவே சுமார் 400 மைல் என்று இருந்தது. இவர் அளந்தபோது 360 மைல்தான் வந்தது. நாட்டோட அகலத்தில் 40 மைல் காணாமப் போச்சு! பெங்களூர் பக்கத்தில் சரிபார்க்க இன்னொரு கோட்டைத் தரையில் அளந்தார். முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும் சங்கிலியில் வந்த நீளத்துக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு.

அடுத்து தெற்கு. காவிரி டெல்டாவில் வேறு மாதிரிச் சிக்கல். மலையே கிடையாது. எங்கே பார்த்தாலும் வயலும் தென்னந்தோப்பும்தான், பார்வை நூறடி தாண்டாது. அதனால கோபுரங்கள் மேல ஏறினாங்க. 1808ல் தஞ்சாவூர் பெரிய கோவிலில் தியோடலைட்டை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டம் வளைஞ்சு போச்சு. வேற யாரா இருந்தாலும் அதோடு விட்டிருப்பாங்க. இன்னொன்னு இங்கிலாந்தில் இருந்து வரணும்னா வருஷக்கணக்காகும். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அந்தக் கருவி அதுக்கப்புறம் பல வருஷம் உழைத்தது.

கன்னியாகுமரிப் பக்கம் முடித்து வடக்கே திரும்பியதும், ஹைதராபாத்தைத் தாண்டிய காடுகள். வெயில் காலத்தில் தூசியும் கானலும் தூரத்து மலையை மறைச்சிடும். மழை பெய்து காற்று கழுவி விட்டதும்தான் கொடி தெளிவாத் தெரியும். ஆனால் அதே மழைக்காலம்தான் காட்டில் காய்ச்சல் காலம். 1818ல் உதவியாளரா வந்து சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணா கோதாவரிக்கு நடுவே இருந்த காட்டில் கூட வந்தவங்களோட சேர்ந்து காய்ச்சலில் விழுந்தார். உடம்பு தேற தென்னாப்பிரிக்காவின் கேப் வரை போக வேண்டியிருந்தது. அவர் பேராவது ஒரு சிகரத்துக்கு இருக்கு. மலை உச்சியில் காட்டை வெட்டி கொடி பிடித்து நின்றவங்க, அரை டன் பெட்டியைத் தோளில் சுமந்தவங்க பேரெல்லாம் நமக்குக் கிடைக்காது. சதுப்பில் சங்கிலி இழுக்காமல் தப்பிக்கத்தான் முக்கோணம். ஆனால் அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு முனைக்கும் யாரோ ஒருத்தர் காட்டைத் தாண்டி நடந்துதான் போகணும். மோசமான தரையைக் கணக்கில் தாண்டலாம், காலில் தாண்ட முடியாது.

லாம்டன் நிறுத்தவில்லை. எழுபதை நெருங்கிய வயதில், இருமலோடு, ஹைதராபாத்தில் இருந்து நாக்பூருக்குப் போகிற வழியில், 1823 ஜனவரி 20ஆம் தேதி ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். அதுக்குள் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் சதுர மைல் அளந்து முடித்திருந்தார். அவருக்குப் பின் எவரெஸ்ட் அந்த வேலையை இமயமலை அடிவாரம் வரைக்கும் கொண்டுபோனார். பல வருஷம் கழித்து ராதாநாத் சிக்தார் கணக்கிட்டுச் சொன்ன 15வது சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரை வைத்தாங்க. லாம்டன் பெயரில் எந்தச் சிகரமும் புகழ் பெறவில்லை.

அடுத்த தடவை பறங்கிமலை ஏறினால் தெற்குப் பக்கமா நின்னு பாருங்க. லாம்டன் அளந்த தரை இப்போ முழுக்க அப்பார்ட்மென்ட். 2015லயும் 2023லயும் அந்தப் பக்கம் படகு விட்டாங்க, ஞாபகம் இருக்கா? உங்க வீடே கூட அங்க இருக்கலாம். மேப்பில் எது மேடு எது பள்ளம்னு அளந்து சொல்ல ஒரு கூட்டமே உயிரைக் கொடுத்திருக்கு. அளந்து வைத்ததைப் பார்த்துக் கட்டியிருக்கலாம். நம்மில் பாதிப் பேர் நாளைக்கு இந்தத் தரையில்தான் சைட் வேலைக்கு நிற்கப் போறோம். டிராயிங்கில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஷூவில் சேறு பட நடந்து பார்த்துடுங்க.