ஜேம்ஸ் பார்க்கின்சன்: நடுக்குவாதத்தை இனங்கண்டவர்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தையைப் போலவே அங்கு மருத்துவத் தொழில் புரிந்தார். நடுக்குவாதம் குறித்து 1817-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஆறு பேரை விவரித்தது. அவர்களுள் மூவர் தெருவில் அவர் கண்டவர்கள். நோயின் மூலத்தை அறியாமலேயே 1824-இல் மறைந்தார். பின்னாளில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்.

அவர் காணாததை இன்று அறிவோம். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அதனால், தசைகளுக்குக் கட்டளையிடும் இயக்கப் புறணியின் நரம்பணுக்கள் ஒழுங்கு குலைகின்றன. அசைவு மெதுவாகிறது, தசை இறுகுகிறது, ஓய்விலிருக்கும் கை நடுங்குகிறது.

மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை 1937-இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். 1960-களில் லெவோடோபா இந்நோய்க்கு மருந்தாயிற்று.

கோவில்பட்டிக் கரிசல் பகுதியில் பருத்தி எடுக்கும் கையோ, தீப்பெட்டி அடைக்கும் கையோ வேகம் குறைந்தால், முதுமை என்று ஒதுக்காதீர்கள்; அரசு மருத்துவமனையை அணுகுங்கள். பூனைக்காலிப் பொடியை நீங்களாகவே உட்கொள்ளாதீர்கள். அதில் மருந்தின் அளவு சீராக இராது. தொடங்கிய மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டிலுள்ள முதியோரின் நடையையும் கைவீச்சையும் கூர்ந்து கவனியுங்கள். பார்க்கின்சன் செய்ததும் அதுவே.